ஐந்தாவது இடத்து வழக்கு

ஹென்ட்ரிக்ஸுக்கு முதலிடம் என்பதில் எனக்கும் நரேஷுக்கும் ஒருநாளும் தகராறு வந்ததில்லை, சார். பேஜ், பெக், கில்மர் மூவரையும் எந்த வரிசையில் வைப்பது என்று அடிக்கடி மாற்றிக்கொள்வோம். அது விளையாட்டு. ஐந்தாவது இடத்தில்தான் எங்களுக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் என்பதால் இங்கே தொடங்குகிறேன். இவர்கள் எல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எலெக்ட்ரிக் கிதார் வாசித்தவர்கள். ராக் என்று சொல்வார்கள். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பாதகமில்லை. மற்றவர்கள் நடிகர்களுக்காக மல்லுக்கட்டுவதைப் போல நாங்கள் இவர்களுக்காக மல்லுக்கட்டினோம், அவ்வளவுதான்.

என் பெயர் அரிகரன். வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது. சிவப்பிரகாசம் எலெக்ட்ரிகல்ஸ் என்று அப்பா பெயரில் போர்டு இருக்கும். இந்த ஸ்டேஷனுக்கு டியூப்லைட் எங்களிடம்தான் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நரேஷுக்கு ஒதியம்பட்டு. அவன் அப்பா வைத்தியலிங்கம் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். நானும் நரேஷும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே பெஞ்ச்.

முதலில் கிதார் வாங்கியது நான்தான். இதை இப்போது யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. டவுனில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது அது. சிவப்பு நிறம், ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். பழைய ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் நானே செய்தேன். வீட்டில் சத்தம் கூடாது என்று அப்பா சொன்னதால் நரேஷின் கரும்புக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஒரு வருடம் வாசித்துப் பார்த்தேன். விரல் தழும்பேறியதே தவிரக் கை வரவில்லை. ஒருநாள் நான் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் சும்மா எடுத்து மடியில் வைத்தான். நான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஒரு சுர வளைவு அவனுக்கு அன்றைக்கே வந்தது. கிரீஸ் கையோடு நின்று கேட்டேன்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை, சார். கிதாரை அவனிடமே கொடுத்துவிட்டேன். வாசிக்க ஒருவன் வேண்டும், கேட்க ஒருவன் வேண்டும். அவன் ஏதாவது புதிதாக வாசித்தால் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால் அது நிலைக்கும். ஆட்டாவிட்டால் அந்த வாசிப்பை அவன் மறுபடி தொடமாட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, காலேஜ் போய், திரும்பி வந்து, அவன் வயலையும் நான் கடையையும் பார்க்க ஆரம்பித்த பிறகும் இது அப்படியேதான் இருந்தது. மாலையில் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு ஒதியம்பட்டுக்கு வண்டியை விடுவேன். மோட்டார் ஓடும். வாய்க்காலில் தண்ணீர் போகும். நாங்கள் ஐந்தாவது இடத்துக்கு அடித்துக்கொள்வோம்.

என்னுடைய ஆள் டோனி அயோமி. இங்கிலாந்தில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் மெஷினில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினார். அந்தத் தளர்ந்த கம்பியிலிருந்து ஒரு புது இசையே கிளம்பியது. இதைவிட என்ன வேண்டும் என்று நான் கேட்பேன்.

நரேஷுக்குப் பீட்டர் கிரீன். அதிகம் பேர் கேட்டிருக்கமாட்டார்கள். வேகமாக வாசிக்கமாட்டார், வித்தை காட்டமாட்டார். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பார்.

“அவரு வாசிக்காம வுடற எடம்தான்டா பாட்டு” என்பான் நரேஷ். “நீ இன்னாடான்னா வெரலு போனதுக்கு மார்க் போடற. பரிதாபத்துக்கு எல்லாம் எடம் குடுக்க முடியாது அரி.”

“பரிதாபம் இல்லடா. வெரலு போவலன்னா அந்த இசையே வந்திருக்காது.”

“அது அந்த ஆளு கெட்டிக்காரத்தனம். வெரலு போனதோட கெட்டிக்காரத்தனமா?”

மறுநாள் வேறு வழியாக அதே இடத்துக்கு வருவேன். அவனும் விடமாட்டான். நாகம்மாள் அம்மா, அதாவது அவன் அம்மா, மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “யாரு அந்த டோனி, தெனமும் அவரு பேச்சாவே கீது. ஒரு நாளு சாப்புட கூப்புடுங்க” என்பார். அந்த வீட்டில் என் தட்டு தனியாகவே இருந்தது, சார். எவர்சில்வர் தட்டு, அரி என்று பெயர் வெட்டியிருக்கும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஜூனில் டவுனில் நடந்த இசைத் திருவிழாவில் தெருவோரம் நின்று யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார்கள். அவனை அழைத்துப் போனது நான். ஒயர் இழுத்து, ஆம்ப் வைத்து, சத்தம் சரிபார்த்தது எல்லாம் நான். அங்கேதான் கீர்த்திகா வந்தாள். மூலக்குளத்துப் பெண், பேஸ் கிதார் வாசிப்பாள். பெங்களூரில் ஒரு குழுவில் இருந்தாள். அவன் வாசித்து முடிக்கும்வரை ரோட்டில் நின்று கேட்டுவிட்டு நேரே அவனிடம் போய், “நீங்க இத்தன நாளு எங்க இருந்தீங்க?” என்று கேட்டாள்.

நரேஷ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு அவனுக்கு என் தலையாட்டல் தேவைப்படவும் இல்லை.

கீர்த்திகா நல்ல பெண். அவளைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. வாரக் கடைசியில் கொட்டகைக்கு வருவாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் எங்கள் வழக்கை அவளிடம் சொல்லி யார் பக்கம் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். “இதுல இன்னாண்ணா ரேங்க்? இஸ்கூலா இது?” என்றாள். நரேஷும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் எடுத்தால் பதில் சொல்வான், ஒரு பெரியவருக்குப் பதில் சொல்வதைப் போல.

பங்குனியில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, பெங்களூர் குழு அவனைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று முடிவானது. அவன் அப்பா முதலில் முறைத்துவிட்டு, பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவன் வீட்டுக்குப் போனேன். நாகம்மாள் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். “ஊருக்குப் போறதுக்குள்ள மாட்டுக்குக் கொஞ்சம் தழை வெட்டிப் போட்டுட்டுப் போடா, ஒன் அப்பாவால முடியல” என்று அவனிடம் சொன்னார். அவன் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். தீவனம் வெட்டும் மெஷின் அங்கே இருந்தது, கரன்ட்டில் ஓடுவது. கரும்பின் நுனித் தழையை ஒரு வாயில் செருகினால் உள்ளே சக்கரத்தில் கத்தி சுற்றித் துண்டு துண்டாகத் தள்ளும். நானும் கூடப் போனேன். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த போர்டு நான் மாட்டியதுதான்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. அந்த வாரம் முழுக்க லைனில் வேலை நடந்ததால் போவதும் வருவதுமாக இருந்தது. மெஷின் நின்றதில் தழை உள்ளே சிக்கிக்கொண்டது. நரேஷ் சுவிட்சை அணைத்தான். அவன் கவனமானவன். என் பக்கமாகக் கையை நீட்டி அணைத்துவிட்டு, குனிந்து இடது கையை உள்ளே விட்டுச் சிக்கலை எடுத்தான். எடுத்துக்கொண்டே பெங்களூரைப் பற்றிப் பேசினான். அங்கே ஒரு மாடியறை பார்த்திருப்பதாகவும், பக்கத்திலேயே ஒரு மெஸ் இருப்பதாகவும் சொன்னான்.

“அரி, இன்னொரு விஷயம். ஒங்கிட்ட நேத்தே சொல்லணும்னு இருந்தன்” என்றான்.

அடுக்களையில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. கரன்ட் வந்துவிட்டது. அவன் தன் பேச்சில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன்.

கோபம் எதுவும் இல்லை, சார். அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் காலையில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நாளைக்கு மாலை நான் எங்கே வண்டியை விடுவேன்?

உடனே அணைத்தும் விட்டேன். அவனைத் தூக்கியது நான். என் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றியது நான். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை. “எந்தக் கை, அரி? எந்தக் கைடா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தான். கம்பியை அழுத்தும் இடது கைதான் என்று அவனுக்கே தெரியும். இருந்தாலும் என்னிடம் கேட்டான்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரலில் பாதி மிச்சம். ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

கண் விழித்த மறுநாள் அவன் என்னிடம், “நான் ஆஃப் பண்ண மாதிரிதான்டா ஞாபகம் கீது” என்றான்.

“இல்லடா” என்றேன். “நீ பண்ணல. கரன்ட் வந்ததும் அதுவா ஓடிடுச்சி. நான்தான் ஒடனே ஆஃப் பண்ணன்.”

“நீ சொன்னா சரியாதான் இருக்கும்” என்றான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன், என் தப்புதான் என்று அவனே சொன்னான். சொல்லிச் சொல்லி அவனுக்கு அது ஞாபகமாகவே ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி, உள்ளே தோல் வைத்து, விரல் தொப்பிகள் செய்தேன். கடையில் உட்கார்ந்து பல நாள் செய்தேன். நன்றாகவே வந்தன. கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்தேன். அயோமியின் கதையை மறுபடி முழுதாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“அரி” என்றான். “அவருக்கு நுனிதான்டா போச்சி.”

தொப்பியை மாட்ட விரல் வேண்டும். அதை நான் யோசிக்காமல் இல்லை. செய்துகொண்டிருந்தால் மனசுக்கு நன்றாக இருந்தது.

நாகம்மாள் அம்மாதான் மிகவும் உடைந்துபோனார். தழை வெட்டச் சொன்னது தானே என்று நினைத்துக்கொண்டார். வைத்தியலிங்கம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாடுகளை விற்றார்கள். அம்மா ஒரு வேளைச் சோறுதான் தின்கிறார். கோயிலில் முடி கொடுத்துவிட்டு வந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லன்னா என் புள்ள ரத்தம் போயே செத்திருக்கும்டா கண்ணு” என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை, சார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நரேஷ் தினமும் கடைக்கு வந்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். நான் காயில் சுற்றுவேன், அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டை இருவருக்கும் சேர்த்தே வீட்டிலிருந்து கொண்டுவருவேன். பட்டன் போட வராத நாளில் நான் போட்டுவிடுவேன். கீர்த்திகா பெங்களூரிலிருந்து போன் செய்தால் எடுக்கமாட்டான்.

பழைய பேச்சையும் நான் மெல்ல ஆரம்பித்தேன். அவன் மறுக்கவே இல்லை. பேஜுக்கு இரண்டாவது இடமா? சரி. பெக்குக்கு நான்காவதா? சரி. கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஐந்தாவது இடத்துக்கு அயோமிதான் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

“சரிடா” என்றான்.

“பீட்டர் கிரீன்?”

“அவரா. அவரு எங்கனா இருக்கட்டும்.”

இத்தனை வருடம் விட்டுக்கொடுக்காதவன் அன்றைக்கு ரோட்டைப் பார்த்தபடி கொடுத்துவிட்டான். எனக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்று வேலை ஓடவில்லை, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு அவன் வரவு குறைந்தது. கைக்குப் பயிற்சி, டவுனுக்குப் போகிறேன் என்பான். நம்பினேன். போன வாரம் வைத்தியலிங்கம் போன் செய்தார். கொல்லையில் மோட்டார் ஸ்டார்ட் எடுக்கவில்லை, வந்து பார் என்றார். போனேன். கொட்டகைக்குப் பத்தடி முன்பே கிதார் சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். மெதுவான வாசிப்பு. அங்கங்கே தடுமாறியது. ஒரு சுரம் வந்தது, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு அடுத்தது. நான் என் வாழ்க்கையில் கேட்ட எந்த வாசிப்பும் அப்படி என் நெஞ்சைப் பிடித்ததில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கிதாரைத் திருப்பிப் பிடித்திருந்தான். கம்பிகளை மாற்றிக் கட்டியிருந்தான். வலது கை கழுத்தைப் பிடித்திருந்தது. இடது கையில் மிச்சமிருந்த பாதி விரலோடு ஒரு பட்டை கட்டி, அதில் மீட்டும் துண்டைச் செருகியிருந்தான். எதிரே கீர்த்திகா உட்கார்ந்து பேஸில் கூட வந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். முகமெல்லாம் வெட்கம். “ஒங்கிட்ட ஒழுங்கா வந்தப்புறம் காட்டலாம்னு இருந்தன்டா” என்றான். “ஒன் காதுக்கு முன்னாடி அரைகொறையா வாசிக்க முடியல.”

“எத்தினி நாளா?”

“ஐப்பசியிலருந்து. கீர்த்திகாதான் வுடல.”

ஐப்பசி என்றால், அயோமிக்கு இடம் கொடுத்த அந்த மழைக்கும் முந்தி. அப்போதே அவன் என் கடையில் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது வேறு யாரோ.

குழு அவனை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். இதை அவன் சொன்னபோது நான் தலையாட்டினேன். மோட்டாரைப் பார்த்தேன். ஒரு ஒயர் விட்டிருந்தது, சரி செய்தேன். கிளம்பும்போது கீர்த்திகா வண்டிவரைக்கும் வந்தாள்.

“போன வருஷமே நீங்க ரெண்டு பேரும் சேந்து வந்திருக்க வேண்டியதுண்ணா” என்றாள்.

“ரெண்டு பேருமா?”

“நரேஷ் ஒங்ககிட்ட சொல்லலயா? அரி வந்தாதான் வருவேன்னு அடம் புடிச்சாரு. சவுண்டு பாக்க எங்களுக்கும் ஆளு வேணும், சரின்னுட்டாங்க. திங்கக்கெழம ஒங்களுக்கும் சேத்துதான் டிக்கெட் போட்டிருந்தாரு. இப்ப அந்த எடத்துக்கு வேற ஒருத்தர் வந்துட்டாரு. எனக்கே கஷ்டமா கீது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேத்தே சொல்லணும்னு இருந்தன் என்று ஆரம்பித்தானே, அது இதுதான்.

நான் ரொம்ப நேரம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவன் அதை முதல்நாளே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் நான் போர்டு பக்கம் நின்றிருக்கவே மாட்டேன், பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பேன். எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் சொல்வது அவன் வழக்கம். அதற்கு நாங்கள் இருவரும் விலை கொடுத்தோம்.

ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நாகம்மாள் அம்மாவை நினைத்துத்தான் வந்தேன். செய்யாத தப்புக்கு அவர் பட்டினி கிடக்கிறார். இனி அவர் சாப்பிடலாம். வைத்தியலிங்கமும் அவரோடு பேசலாம். அது ஒன்றுதான் காரணம். என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது, சார். நான் நரேஷுக்குச் செய்தது எல்லாமே அவன்மேல் இருந்த பிரியத்தில் செய்தது.

முழுப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பிரகாசம் மகன் அரிகரனாகிய நான், நரேஷ் கையை உள்ளே விட்டிருப்பதைப் பார்த்து, கரன்ட் வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, அவன் அணைத்துவைத்த சுவிட்சை என் கையால் போட்டேன். அது கைதவறி நடந்ததல்ல. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அவன்தானே முதல் சாட்சி? நீங்கள் அவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அவனால் கிளம்ப முடியாது. பிறகு கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் வந்தாக வேண்டும், எனக்கு எதிரே நிற்க வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிக் கேஸெல்லாம் வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். இழுக்கட்டும் சார், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.